ஹன்னாவுக்கு மாப்பிள்ளை பார்த்தவர்

என் மாமனாருக்கு ஒற்றையாக நிற்கிற எதையும் கண்ணில் காட்டக் கூடாது. கொடியில் ஒற்றைக் காலுறை தொங்கினால் அதன் சோடி கிடைக்கும்வரை வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. ஆட்கள் விஷயத்தில் சொல்லவே வேண்டாம். சிட்னியில் நாங்கள் இருந்த லிட்கம் ரயில் நிலையத்தில் ஒரு மனிதர் தன்பாட்டில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தால், இவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் ஆட்கள் எந்த ஊர்?" என்று தன் தபால் கந்தோர் ஆங்கிலத்தில் தொடங்குவார். ரயில் வருவதற்குள் அந்த மனிதரின் தாய்வழி, தகப்பன்வழி, கலியாணம் ஆகாத தம்பி எல்லாம் வெளியே வந்துவிடும். வண்டியில் ஏறியதும் என் காதுக்குள், "பிள்ளை, அந்தத் தம்பிக்காரன் எங்கடை மீன்கடைக் கிரேக்கன்ரை மூத்தவளுக்குத் தோதாயிருப்பான்" என்பார். மீன்கடைக்காரருக்கு மகள் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியவரும்.

இலங்கையில் தபாலதிபராக இருந்து பென்சன் எடுத்தவர். அது அரசாங்கம் கொடுத்த உத்தியோகம். கலியாணம் பேசுவது அவர் தானாக எடுத்துக்கொண்ட உத்தியோகம். தரகர் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். தரகர் கூலிக்குச் செய்பவராம், இவர் சேவையாகச் செய்தவராம். மாமி காலமான பிறகு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில், எங்களோடு வந்து இருந்தார். யாழ்ப்பாணத்தில் பாதிச் சனத்தைச் சோடி சேர்த்துவிட்ட மனிதருக்குச் சிட்னியில் என்ன வேலை? அன்றைக்கு இங்கே இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரையும் எங்கள் வீட்டு முன்னறையிலேயே இருத்திவிடலாம். அவர்களும் ஒருவர் மிச்சமில்லாமல் கலியாணம் முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தார்கள். வந்த புதிதில் மனிதர் வாடித்தான் போனார்.

எங்கள் கலியாணம் மட்டும் அவர் பேசாதது. நான் கொழும்பில் வளர்ந்தவள். வேலை செய்த இடத்தில் சந்தித்து நாங்களாகவே முடிவெடுத்துவிட்டோம். தாலி கட்டி எல்லாம் ஆன பிறகு, அவர் ஆறுதலாக என் குடும்பத்தை விசாரித்துவிட்டு என்னிடமே வந்து, "பரவாயில்லைப் பிள்ளை, நான் பேசியிருந்தாலும் பொருந்தித்தான் இருக்கும்" என்றார். அந்த வினாடியிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

கலியாணம் பேசுகிறவருக்கு இரண்டு வித்தை தெரிய வேண்டும் என்பார். ஒன்று விசாரிப்பது, மற்றது மறைப்பது. விசாரிக்கிறபோது அந்த வீட்டுக்கு நேரே போகக் கூடாது. அயலில் கேட்க வேண்டும், கடையில் கேட்க வேண்டும், கோயில் ஐயரிடம் கேட்க வேண்டும். "எந்தப் பகுதி ஆக்கள்?" என்ற அவருடைய கேள்விக்கு அடியில் சாதி இருந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்காக நாங்கள் குசினிக்குள் அடுப்படியில் நின்று சண்டை பிடித்திருக்கிறோம். அதே கேள்வியை இங்கே வெள்ளைக்காரரிடம் கேட்டபோது அதன் பல் விழுந்துபோய், வெறும் ஆவல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

மறைப்பதில் அவர் மன்னன். வீட்டோடு கோபித்துக்கொண்டு ஓடிப்போன அண்ணன் இவர் வாயில் "வெளியூரில் நல்ல உத்தியோகம்" ஆவான். புத்தி பேதலித்த சித்தப்பா "பக்தி கொஞ்சம் கூடியவர்" ஆவார். இதெல்லாம் பச்சைப் பொய் இல்லையா மாமா என்று நான் கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

"பொய்யெண்டு சொல்லாதை பிள்ளை. நான் விளக்கை மற்றப் பக்கம் திருப்பி வச்சனான். அவ்வளவுதான். அதாலை எத்தினை குடும்பம் நல்லாயிருக்கு தெரியுமோ?"

லிட்கமில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மயானம் இருக்கிறது. ஓர் ஊரையே உள்ளே வைத்துவிடலாம், அவ்வளவு பெரிசு. மாமா பின்னேரங்களில் நடைக்குப் போவது அங்கேதான். பேர், தகப்பன் பேர், பெண்சாதி பேர், வந்த ஊர் என்று கல்லிலேயே எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள், வாய் திறந்து விசாரிக்கவே தேவையில்லாத இடம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று மகிழ்ந்துபோவார். ஒருநாள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கத்தோலிக்கருக்கு ஒரு பக்கம், மற்றச் சபைக்காரருக்கு வேறு பக்கம் என்று அந்த மயானம் பிரிந்திருந்தது. ஓர் அயர்லாந்துக்கார மனைவி இந்த மூலையில் இருந்தார், அவருடைய ஆங்கிலேயக் கணவர் அந்த மூலையில் இருந்தார்.

"காலம் முழுக்க ஒரு வீட்டிலை இருந்ததுகள் பிள்ளை. இப்ப ஆளுக்கொரு தொங்கலிலை போட்டு வச்சிருக்கிறாங்கள்!"

அன்றிலிருந்து ஒவ்வொரு நடையிலும் மனைவியின் கல்லடியில் கிடக்கும் பூவில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கணவரின் கல்லடியில் வைப்பது அவருக்கு ஒரு கடமையாகிவிட்டது. மயானக் காவலாளி ஒருநாள் கையும் பூவுமாகப் பிடித்துவிட்டார். மாமா நிதானமாகக் காரணத்தைச் சொன்னாராம். கேட்டுக்கொண்டு நின்ற காவலாளி, தன் அம்மம்மாவும் அப்படித்தான் தனியே கிடக்கிறார் என்று தொடங்கிவிட்டாராம். அதன் பிறகு மாமா இரண்டு சோடிக்குப் பூ மாற்றி வைத்தார்.

இப்படி இருக்கிறபோதுதான் டோரீன் அவரிடம் அகப்பட்டார். டோரீன் எங்களுக்குப் பக்கத்து வீடு. ஐம்பது தாண்டியவர், பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை, கலியாணம் செய்யாதவர். சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். டோரீன் "லிட்கம்" என்றார்.

"அது இருக்கிற ஊர். உங்கள் ஊர் எது?"

"தெரியாது. இங்கிலாந்தில் எங்கேயோ. என் பாட்டி எலன் சின்ன வயதில் வீட்டு வேலைக்கென்று கப்பலில் வந்தவர்."

மாமா உள்ளே வந்து என் கணவரையும் என்னையும் நிறுத்தி வைத்து ஏசினார். "ஊர் தெரியாத மனுசி ஒண்டு பக்கத்து வீட்டிலை தனிய இருக்கு. நீங்கள் இரண்டு பேரும் அதுக்குக் கத்தரிக்காய்க் கறி குடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறியள்!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டோரீன் தன் பாட்டியின் கலியாணப் பத்திரத்தோடு வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அதில் பாட்டி பிறந்த ஊரின் பெயரும் பாட்டியின் தாயின் பெயரும் இருந்தன. தாயின் பெயர் ஹன்னா.

"எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்," என்றார் டோரீன். "இந்த ஹன்னாவுக்குக் கலியாணம் நடந்ததா, இல்லையா?"

மாமா என் பக்கம் திரும்பித் தமிழில், "பாத்தியோ? எந்த நாட்டுக்குப் போனாலும் சனம் கேக்கிற முதல் கேள்வி இதுதான்" என்றார். அவர் எத்தனையோ வீடுகளில் கேட்ட கேள்வி. கேட்கிறவர்கள் எந்தப் பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும் என்ற நினைப்பு.

அன்றோடு மனிதர் பத்து வயது குறைந்துவிட்டார். நகரத்தில் குடும்ப வரலாறு தேடுகிறவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே இங்கிலாந்துக் கோயில்களின் ஞானஸ்நான, விவாக, மரணப் பதிவேடுகளைப் படச்சுருளாக வைத்திருந்தார்கள். மாமா கோட்டுப் போட்டு, தலையைப் படிய வாரி, புளிச்சோறு கட்டிக்கொண்டு ரயிலில் போவார். சுருளை இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றிச் சுழற்றி, அந்தக் காலத்துப் பாதிரிமாரின் கோழிக் கிறுக்கலை வாசிப்பார். எல்லா ஊர்க் கையெழுத்தையும் பிரித்தறிந்து கடிதம் சேர்ப்பித்த கண் அது. பத்து வரி தள்ளி இருந்தாலும், ஒரே வீட்டுக்காரர் எவர் எவர் என்று சொல்லிவிடுவார்.

சங்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு முதலில் இவரை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று தெரியவில்லை. உங்கள் மூதாதையர் இங்கிலாந்தா என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டாராம். "இல்லை. நான் பெண் வீட்டுக்காக வந்திருக்கிறேன்" என்றாராம் மாமா. அங்கே யன்னலோரக் கதிரைக்காக வருடக் கணக்கில் முகம் திருப்பிக்கொண்டு இருந்த இரண்டு சீமாட்டிகள் இருந்தார்கள். மாமா இரண்டு பேருடைய வம்சத்தையும் தனித்தனியே நைசாக விசாரித்து, அவர்கள் இருவரும் ஒரே ஊர்க் கொல்லனின் வழித்தோன்றல்கள் என்று கண்டுபிடித்து, பெருமையோடு அறிவித்தார். இருவரில் ஒருவரும் நன்றி சொல்லவில்லை. ஆனால் சொந்தமென்று தெரிந்த பிறகு சண்டை இன்னும் உரிமையோடு நடந்ததாக மாமா சொன்னார்.

எலன் பிறந்த ஊர்ப் பாதிரியாருக்கு மாமா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து கடிதம் அனுப்பினோம். ஆண்டும் பெயரும் கேட்டு நாலு வரி எழுதினால் போதும் என்று நான் சொன்னேன். கேட்டால்தானே. பாதிரியாரின் சுகம் விசாரித்து, அவ்விடத்து மழை விசாரித்து, ஹன்னாவின் அயலவர் யார், சாட்சிக்கு நின்றவர் யார், அந்தக் குடும்பத்தோடு நெருங்கிப் பழகிக் கொண்டாட்டமாக இருந்தவர்கள் யார் என்று மூன்று பக்கம். கடைசியில், தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் நலமா? பாதிரியார் பதில் போட்டார், நல்ல விவரமான பதில். தமக்குத் துணைவியார் இல்லை, எழுபது வயது, தனியே சந்தோஷமாக இருக்கிறேன் என்றும் எழுதியிருந்தார். மாமா அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அடுத்த கடிதத்தில் சங்கத்துச் சீமாட்டிகளில் மூத்தவரைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னார். நான் தட்டச்சு இயந்திரத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

எலன் வேர்க்ஹவுஸில் பிறந்தவர் என்று பாதிரியார் எழுதியிருந்தார். போக்கிடம் இல்லாத ஏழைகளை ஒரு கட்டடத்துக்குள் சேர்த்து, வேலை வாங்கிக்கொண்டு கஞ்சி ஊற்றுகிற இடம் அது. மாமாவுக்கு அது விளங்கவில்லை. ஏழைகளுக்குச் சோறு போட்டுத் தங்க இடம் கொடுப்பது என்றால் எங்கள் ஊரில் கோயிலடி மடம்தானே. வேலிக்கு மேலால் டோரீனைக் கூப்பிட்டு, "உங்கள் பாட்டி ஒரு மடத்தில் பிறந்திருக்கிறார். மிகவும் புண்ணியமான இடம்!" என்று கையைக் குலுக்கி வாழ்த்தினார். டோரீன் பாவம், நன்றி சொன்னார். பிறகு சங்கத்தில் யாரோ விளக்கியிருக்கிறார்கள். மாமா கொதித்துக்கொண்டு வந்து கோட்டைக் கதிரையில் எறிந்தார்.

"புருசன் ஒரு பக்கமாம், பெண்சாதி வேறை பக்கமாம்! நடுவிலை மதிலாம்! சோத்துக்கு வந்த சனத்தைப் பிரிச்சு வச்சிருக்கிறாங்கள் பிள்ளை. இவங்களெல்லாம் ஒரு மனுசரோ?"

பட்டினி, குளிர், கல் உடைக்கிற வேலை எல்லாவற்றையும்விட அவருக்கு அதுதான் பெரிய கொடுமையாகப் பட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு காலை உடுப்புக் காயப் போடுகிற நேரம் டோரீன் தன் கொடியை விட்டுவிட்டு வேலியடிக்கு வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. பாட்டி எலன், தன் தாய் ஹன்னா தன்னை முதுகில் சுமந்துகொண்டு அந்த வேர்க்ஹவுஸிலிருந்து வெளியே நடந்து வந்ததாகச் சொல்வாராம். டோரீனின் அப்பாவுக்கு அந்தக் கதை பிடிக்காது. ஹன்னா கௌரவமாகக் கலியாணம் செய்த பெண், இந்தக் கதை முழுக்கப் பிதற்றல் என்று பாட்டியின் வாயை அடைத்துவிடுவாராம்.

"எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது," என்றார் டோரீன். "ஆஸ்பத்திரியில் அதன் முகத்தைப் பார்க்க விடாமல் தலையணையை நடுவில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். புருஷன் இல்லாத பெண்ணால் பிள்ளை வளர்க்க முடியாது, உலகத்தில் எவளும் வளர்த்ததில்லை, தத்துக்கொடுக்கக் கையெழுத்துப் போடு என்றார்கள். அப்பாவும் அதையேதான் சொன்னார். போட்டேன். பாட்டி சொன்னது உண்மையா, அப்பா சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்."

ஈரச் சீலையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். டோரீன்தான் என்னைத் தேற்றினார். மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை.

தேடல் முடிந்தது என்று மாமா அறிவித்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு கலியாண வீட்டுக் களை. மாமா வேட்டி கட்டி, திருநீறு பூசி, உழுந்து வடை சுடச் சொன்னார். படம் வரையும் கந்தோரில் வேலை செய்த என் கணவர் கொண்டுவந்து கொடுத்த பெரிய தாளில், தன் முத்தான கையெழுத்தில் மாமா வம்சத்தை எழுதியிருந்தார். கீழே டோரீன், மேலே அப்பா, அதற்கு மேலே எலன், எல்லாவற்றுக்கும் மேலே ஹன்னா. ஹன்னாவுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. கோட்டின் மறுமுனையில் தோமஸ், தச்சுத் தொழில்.

"நல்ல மாப்பிள்ளை," என்றார் மாமா. "அதே தெரு. கைத்தொழில்காரர். பாவம், பிள்ளை பிறக்க முதலே சன்னிக் காய்ச்சலில் காலமாகிவிட்டார். அதனால்தான் ஹன்னா அந்த இடத்துக்குப் போக நேர்ந்தது. உங்கள் குடும்பத்தில் ஒரு குறையும் இல்லை."

டோரீன் தாளைப் பார்த்தார். தோமஸ் என்ற பெயரில் விரலை வைத்தார்.

"அப்படியென்றால் அவளுக்குப் புருஷன் இருந்தான்," என்றார்.

"நிச்சயமாக!"

"நல்லது. அப்பா சொன்னதுதான் சரி. மிக்க நன்றி." வடையில் ஒன்றைக் கையில் எடுத்தார், அதைக் கடிக்காமலே தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தாளையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

மாமா வாசலைப் பார்த்தபடி நின்றார். இத்தனை வருடத்தில், மாப்பிள்ளை இருக்கிறார் என்று சொன்னதும் ஒரு பெண் வீட்டார் முகம் இருண்டு போனதை அவர் கண்டதில்லை.

"என்ன பிள்ளை இது? அந்த மனுசிக்குச் சந்தோசமில்லையே."

"மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. ஹன்னாவுக்குக் கலியாணம் நடந்ததோ?"

"ஏன் கேக்கிறாய்?"

"டோரீன் தேடினது தோமஸை இல்லை மாமா. தனிய நிண்ட ஹன்னாவைத்தான்."

அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண்கள் சொல்லாமல் விட்டதை முகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டே காலம் கழித்த மனிதர். கதிரையில் உட்கார்ந்தார். சிறிது நேரம் தன் சால்வையின் கரையை மடித்து மடித்து விரித்தார். பிறகு, "எத்தினை வயசிலை?" என்று மட்டும் கேட்டார்.

"பத்தொன்பது."

"அட கடவுளே" என்றார். "நான் அந்தப் பெட்டையின்ரை வாயிலை மண்ணை அள்ளிப் போட்டிட்டன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பதிவேட்டில் எலனின் தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் கோடு. ஹன்னா, கலியாணமாகாதவள் என்றே எழுதியிருந்தது. மாமாவால் அந்தக் கோட்டை அப்படியே விட முடியவில்லை. மரணப் பதிவேட்டைத் தேடியிருக்கிறார். அதே வருடம், அதே தெருவில், கலியாணம் ஆகாமல் இறந்துபோன தச்சன் தோமஸ் அகப்பட்டிருக்கிறான். வயது பொருந்தியது. தொழில் பரவாயில்லை. அவனுக்கென்று அழவும் ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

"அவளும் தனிய, அவனும் தனிய. சேர்த்து வச்சால் என்ன குறைஞ்சு போச்சுதெண்டு நினைச்சன் பிள்ளை."

நூறு வருடத்துக்கு முந்தி வாழ்ந்த, ஒருவரை ஒருவர் தெருவில் கண்டு தலையாட்டியிருப்பார்களோ என்றுகூடத் தெரியாத இருவருக்கு, கடல் கடந்து லிட்கமில் உட்கார்ந்துகொண்டு கலியாணம் செய்து வைத்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை.

மறுநாள் காலை கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, தாளைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். என்னையும் கூட வரச் சொன்னார். டோரீன் வேலைக்குப் போகவில்லை. குசினி மேசையடியில் எங்களை இருக்கச் சொன்னார். மாமா உட்காரவில்லை.

"நான் வாழ்நாளில் ஒரு கலியாணத்தையும் குழப்பியதில்லை," என்றார். "இன்றைக்கு ஒன்றைக் குழப்ப வந்திருக்கிறேன். ஹன்னாவுக்குத் தோமஸ் யாரென்றே தெரியாது. அவர் நானாகப் பார்த்த மாப்பிள்ளை. ஹன்னாவுக்குப் புருஷன் இருக்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்."

டோரீன் எழுந்துவிட்டார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்து நான் மாமாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை?" என்றார் டோரீன். "பிள்ளையை என்ன செய்தாள்?"

மாமா அதற்கும் விடை வைத்திருந்தார். அந்தப் பகுதி ஆவணக் காப்பகத்திலிருந்து வேர்க்ஹவுஸின் வரவு, போக்குப் பதிவேட்டின் பிரதி அவருக்கு வந்திருந்தது. கௌரவக் குறைச்சல் என்று நினைத்து அதைப் பற்றி மூச்சு விடாமல் இருந்திருக்கிறார். இப்போது மனப்பாடமாகச் சொன்னார். ஹன்னா குளிர் காலத்தில் உள்ளே வருவாள். குளிர் விட்டதும் வெளியே போய்விடுவாள். அடுத்த குளிருக்குத் திரும்பவும் வருவாள். ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் எழுதியிருந்தது ஒரே வசனம்: சொந்த விருப்பத்தில், பிள்ளையுடன். அதே பக்கத்தில் வேறு சில பெண்களின் பெயருக்கு எதிரே, பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போனாள் என்றும் இருந்தது. எலன் வளர்ந்து வேலைக்குப் போகிறவரை ஹன்னாவுக்கு எதிரே அப்படி ஒரு தரமும் இல்லை.

"அந்த வசனத்தை இன்னொரு முறை சொல்லுங்கள்."

"சொந்த விருப்பத்தில், பிள்ளையுடன்."

டோரீன் மேசையில் கையூன்றி நின்றார். "முடியாது என்றார்களே," என்றார். "எவளாலும் முடியாது என்றார்களே." பிறகு அழுதார். அதில் பாதி கோபம். அந்தக் கோபத்துக்கு எங்களிடம் மருந்து இல்லை. ஹன்னாவால் முடிந்தது என்று தெரிந்துகொள்வது டோரீனுக்குச் சந்தோஷம் மட்டும் தருகிற செய்தி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. 

அழுகை ஓய்ந்த பிறகு மாமா தாளை மேசையில் விரித்தார். கோட்டுப் பையிலிருந்த சவர அலகால் சிவப்புக் கோட்டையும் தோமஸையும் சுரண்டி எடுத்தார். தாள் அந்த இடத்தில் மெலிந்து, கொஞ்சம் கிழிந்தும் போனது. ஹன்னாவிலிருந்து எலனுக்கு நேரே ஒரு கறுப்புக் கோடு இழுத்தார். பிறகு தாளின் அடிக்கு வந்தார். டோரீன் என்ற பெயரிலிருந்து இன்னும் கீழே, அதே மாதிரி ஒரு நேர்க்கோடு இழுத்துவிட்டுப் பேனையைத் தூக்கிப் பிடித்தார்.

ஆர் தகப்பன், எந்த ஊர், எந்தப் பகுதி என்று கேட்காமல் இந்த மனிதர் ஒரு பெயரையும் எழுதி நான் பார்த்ததில்லை.

"பிள்ளையின் பெயர் என்ன?" என்றார் மாமா.

அவர் கேட்டது அது ஒன்றுதான்.

"இதுவரை ஒருவரும் கேட்டதில்லை," என்றார் டோரீன். "ஆஸ்பத்திரியில் பெயர் வைக்க வேண்டாம் என்றார்கள். நான் மனதுக்குள் வைத்தேன். ரோஸ்மேரி."

மாமா ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொன்னார். டோரீன் சொன்னார். தபால் கந்தோரில் முகவரி எழுதுகிற பக்குவத்தில் மாமா எழுதி முடித்து, சரிபார்ப்பதற்காக உரக்க வாசித்தார்.

"ரோஸ்மேரி. டோரீனின் மகள்."

டோரீன் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.